நோலா மூடாத பாத்தி

எங்கள் தெருவில் தக்காளி நடுவதற்கு நோலா டைரீன்தான் பஞ்சாங்கம். டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அக்டோபர் முடியப் போகிறது, வசந்தம் வந்துவிட்டது என்றால் எல்லோருக்கும் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். குளிர்காலம் முழுக்க அடுப்படியில் முடங்கிக் கிடந்த சனம், நாலு நாள் வெயிலைக் கண்டதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். ஹோபார்ட் கண்காட்சி விடுமுறை வந்துவிட்டால் தக்காளி நடலாம் என்பது டாஸ்மேனியா முழுக்க உள்ள வழக்கம். ஆனால் எங்கள் தெரு ஓடைக்கரைப் பள்ளத்தில் கிடக்கிறது. மேட்டிலிருக்கும் குளிரெல்லாம் சரிந்து வந்து இங்கேதான் குந்தும். தொலைக்காட்சியில் கோட்டு போட்டவன் சொல்லும் வானிலை ஹோபார்ட்காரர்களுக்குச் சரி, எங்களுக்கு ஒரு மண்ணுக்கும் உதவாது. அதனால் கண்காட்சி வந்து போனாலும் எங்கள் ஆட்கள் நட மாட்டார்கள். "நோலா நட்டாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். அவள் நட்டால் தெருவே நடும். சாயங்காலம் அவள் பழைய படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து நாற்றுகளை மூடினால், தெருவே ஓடிப்போய் மூடும்.

அவளிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. சாயங்காலத்தில் புகைபோக்கியிலிருந்து வரும் புகையைப் பார்ப்பாள். புகை மேலே போனால் நிம்மதி. கூரையை ஒட்டிப் படுத்து, ஓடைப் பக்கம் மெல்ல வழிந்து போனால், விடிவதற்குள் உறைபனி விழும். இது ஒன்றும் ரகசியம் இல்லை. ஆனாலும் அண்ணாந்து பார்க்கச் சோம்பல்பட்டுக்கொண்டு எல்லோரும் அவள் வேலியையே பார்த்துப் பழகிவிட்டார்கள். கணவன் டெஸ் உயிரோடு இருந்தவரை அவனும் அவளைக் கேட்காமல் ஒரு நாற்றை வெளியே வைத்ததில்லை.

டெஸ் காகித ஆலையில் வேலை பார்த்தவன். அதிகம் பேசமாட்டான். தோட்டக் கழகம், கூட்டம் என்றால் காத தூரம் ஓடுவான். அவனுக்கு ஒரே ஒரு பைத்தியம், தக்காளி. எங்கோ கிடைத்த ஒரு செடியிலிருந்து வருஷா வருஷம் முதலில் பழுக்கும் கொத்தை மட்டும் விதைக்கு எடுத்து, எடுத்து, கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே சிவக்கிற ஒரு சாதியை உண்டாக்கி வைத்திருந்தான். பழத்தின் தோள்பட்டையில் பச்சைக் கோடு, அடியில் சின்ன மூக்கு. அதற்கு அவன் பேர்கூட வைக்கவில்லை. அந்தப் பழத்தைத் தின்றவர்கள் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும்தான். ஒரு பக்கம் கிளெனிஸும் அவள் புருஷன் ரெஜ்ஜும். மறுபக்கம் ராய்ஸ் பெஸல்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு, பிப்ரவரியில், டெஸ் ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தான். நோலா அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. "தோட்டத்தப் பத்திக் கவலப்படாத நோலா, நான் தண்ணி ஊத்தறேன்" என்று ராய்ஸ் சொன்னான். நல்ல மனுஷன் என்று நம்பினாள். டெஸ்ஸைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, விதைக்கென்று டெஸ் சிவப்புத் துணி கட்டி விட்டிருந்த கொத்து காணோம். மற்ற பழங்களும் காணோம். பழைய விதையை டெஸ் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. புது விதைதான், அதுவும் அந்தக் கொத்திலிருந்துதான்.

"ராத்திரி மரத்துலேருந்து எறங்கி பொஸ்ஸம் தின்னுடுச்சு நோலா" என்றான் ராய்ஸ், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "எவ்வளவோ விரட்டிப் பாத்தேன். சனியன், ஒண்ணுகூட விடல."

நோலா நம்பினாள். அடுத்த டிசம்பரில் ஊர்த் தோட்டக் கழகத்தின் கிறிஸ்துமஸ் கூட்டத்தில், முதல் பழுத்த தக்காளிக்கான கோப்பையை ராய்ஸ் வாங்கினான். மேஜையில் இருந்த பழத்தைப் பார்த்தாள். தோளில் பச்சைக் கோடு, அடியில் மூக்கு. "எங்கப்பா காலத்து விதை. பெஸல் எர்லின்னு பேர் வச்சிருக்கேன்" என்று அவன் மார்தட்டிக்கொண்டிருந்தான். பழத்தை ஒருவருக்கும் அறுத்துக் கொடுக்கவில்லை, பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். திருடனுக்கு அந்த அளவு புத்தி இருந்தது.

அன்றைக்கே எழுந்து கத்தியிருக்கலாம். அவள் கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும்? புருஷன் செத்த துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நாலு பேர் தோளில் தட்டி உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார்கள். நோலாவுக்குத் தேநீர் வேண்டாம். டெஸ்ஸின் பெயர் அந்தத் தக்காளிக்கு வரவேண்டும். ராய்ஸ் தன் வாயாலேயே, ஊரார் முன்னால், மாட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவனோடு சிரித்தாள், அவன் பொண்டாட்டி கொடுத்த ரொட்டியை விழுங்கினாள்.

மூன்று கிறிஸ்துமஸ் அப்படிப் போனது. மூன்று தடவையும் கோப்பை ராய்ஸுக்கு.

மூன்றாவது கோடையில் கழகத்துக்காரர்களை அழைத்து ராய்ஸ் தன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினான். தக்காளித் தண்டுக்கும் இலைக்கும் இடுக்கில் முளைக்கிற பக்கத் தளிர்களைக் கிள்ளிப் போடுகிற நேரம் அது. கிள்ளாவிட்டால் செடி காடாகிப் பழம் குறைந்துவிடும். எல்லோரும் பேசிக்கொண்டே ஆளுக்கு நாலு கிள்ளினார்கள், பழக்க தோஷம். நோலாவும் கிள்ளினாள். ஒன்றை மட்டும் கீழே போடாமல், ஈரக் கைக்குட்டையில் சுருட்டி, சட்டைக்குள் செருகிக்கொண்டாள். பக்கத் தளிரைத் தண்ணீரில் நிறுத்தினால் வேர் விடும். டெஸ் அதை ராய்ஸுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறான்.

அந்த ஒற்றைத் தளிரை அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் காப்பாற்றிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். துணி துவைக்கும் அறை ஜன்னலில் வைத்து, தான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கணப்பை அதற்கு வைத்தாள். "டெஸ், செத்துத் தொலையாதே" என்று அதனோடு பேசினாள். ஆகஸ்டில் அதிலிருந்து தளிர்கள் ஒடித்து வேர்விட வைத்தாள். அக்டோபரில் அந்த அறையில் பெரிய தொட்டிகளில் தக்காளிச் செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. பகலில் கொட்டகைக்குப் பின்னால், எவன் கண்ணும் படாத இடத்தில் வெயில் காட்டுவாள், மாலையில் உள்ளே தூக்கிவிடுவாள். துவைக்கிற அறைக் கதவை எப்போதும் சாத்தியே வைத்தாள்.

இனி ராய்ஸ் இந்த வருஷம் கோப்பைக்கு வரக்கூடாது. அதற்கும் அவளிடம் வழி இருந்தது. கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை, வடக்கிலிருந்து சூட்டுக் காற்று அடித்தது. கடைத்தெருவில் மலிவாக வாங்கிய ஏதோ ஒரு சாதி நாற்றுகளைக் கொண்டுவந்து, ராய்ஸின் வேலியை ஒட்டிய தன் பாத்தியில் மண்டியிட்டு நட ஆரம்பித்தாள். நிறுத்தி நிதானமாக, அவன் பார்க்கும்வரை.

"என்ன நோலா!" ராய்ஸின் தலை வேலிக்கு மேலே முளைத்தது. "கண்காட்சியே இன்னும் வரல. அதுக்குள்ள நட ஆரம்பிச்சுட்ட?"

"மண்ணு சூடாயிடுச்சுய்யா. நீயே தொட்டுப் பாரு. என் முட்டிகூட இந்த வருஷம் வலிக்கல."

"மலை உச்சி இன்னும் வெள்ளையா கெடக்கே?"

"கெடந்துட்டுப் போகட்டும். மலை மேலயா நான் தக்காளி நடறேன்?"

ராய்ஸ் காதைச் சொறிந்தான். ஒரு வாரம் முந்தினால் கோப்பை நிச்சயம் என்று அவன் மனம் கணக்குப் போடுவது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "நீ தப்பு பண்ணி நான் பாத்ததில்லயே" என்றான்.

"பாத்துக்கிட்டே நில்லு. எனக்கென்ன" என்று நோலா மண்ணை அமுக்கினாள்.

மத்தியானத்துக்குள் அவன் நாற்று வளர்த்த கண்ணாடிக் கொட்டகை காலி. பெஸல் எர்லியாம், பெஸல் எர்லி! ஒன்றுவிடாமல் வரிசையாக நட்டு, குச்சி ஊன்றி, பட்டாணி வைக்கோல் பரப்பி, இடுப்பில் கைவைத்து நின்றான்.

அப்போது மறுபக்கத்து வேலியிலிருந்து கிளெனிஸ் கூப்பிட்டாள். "நோலா! நெசமாவா? நாங்களும் நட்டுடவா? ரெஜ் காலையிலிருந்து என்னை உசுர வாங்கறார்." ரெஜ்ஜுக்கு நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாயோடு தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து, எது எங்கே நடவேண்டும் என்று விரல் நீட்டுவதுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை.

நோலா தயங்கினாள். கிளெனிஸ் நாற்பது வருஷத் தோழி, ஆனால் ஓட்டை வாய். ராய்ஸின் பொண்டாட்டியோடு வாராவாரம் சீட்டு ஆடுகிறவள். ஒரு சொல் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது ராய்ஸின் காதில் இருக்கும். நோலா கையை மட்டும் தூக்கி ஆட்டினாள். கிளெனிஸ் அதை ஆகட்டும் என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காற்று தென்மேற்குக்குத் திரும்பிக் குளிர்ந்தது. மலை மேல் புதுப் பனி விழுந்தது. சாயங்காலம் காற்று சட்டென்று நின்றது. நோலா உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ராய்ஸின் புகைபோக்கியிலிருந்து புகை கூரையை ஒட்டிப் படுத்து, ஓடைப் பக்கம் வழிந்து போய்க்கொண்டிருந்தது. அவனுடைய புகை, அவனுடைய தலைக்கு மேலே. பார்க்கத் துப்பில்லை.

"மூடலயா நோலா?" ராய்ஸ் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"எதுக்கு மூடணும்? பொழுது என்ன அழகா இருக்கு பாரு."

"அதுவும் சரிதான்" என்று உள்ளே போய்விட்டான்.

நெஞ்சுக்குள் அவளுக்குத் தேன் வழிந்தது. அதற்குள் இந்தப் பக்கம் கிளெனிஸின் குரல். அவள் ரெஜ்ஜை நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தாள். அவர் இருமினார். "குளிருதே நோலா. செடிய மூடணுமா? இவர உள்ள விட்டுட்டு வந்து மூடறேன்."

ராய்ஸின் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கிளெனிஸ் விரிப்போடு வெளியே வந்தால் அவன் பார்ப்பான். பார்த்தால் ஓடி வந்து மூடுவான்.

"வேண்டாம்டி" என்றாள் நோலா. "நீ ரெஜ்ஜப் பாரு. அது போதும்."

விடிந்தபோது புல் வெள்ளையாக மொறுமொறுத்தது. வெயில் ஏற ஏற, நாற்றுகள் கறுத்துத் தொங்கின. ராய்ஸ் இரவு உடுப்போடு பாத்தி நடுவில் நின்றான். ஒவ்வொரு குச்சியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், செத்தவர்களை அடையாளம் காட்டுகிறவனைப் போல. நோலாவுக்கு இனித்தது என்றால் அப்படி இனித்தது. மூன்று வருஷம் விழுங்கின ரொட்டியெல்லாம் அன்றைக்குத்தான் செரித்தது.

"உன்னதும் போச்சா நோலா?"

"போச்சு ராய்ஸ்." முந்தானையில்லாத ஊரில் அவள் ஏப்ரனை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாத. உனக்கே தப்பிடுச்சுன்னா எவனுக்குத்தான் தப்பாது?" என்று அவன் ஆறுதல் சொன்னான். அவள் சிரிப்பை அடக்கக் குனிந்து களை பிடுங்க வேண்டியதாயிற்று.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கிளெனிஸ் கொல்லைப்படியில் வந்து நின்றாள். "எல்லாமே போச்சு நோலா. ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கா? உங்கிட்ட எப்பவும் ஒண்ணு ரெண்டு ஒதுங்கிக் கெடக்குமே. அவருக்குத் தன் தோட்டத்துத் தக்காளி ஒண்ணு இந்தக் கோடையில தின்னாப் போதுமாம். வேற எதுவும் கேக்க மாட்டேங்கறார்."

நோலாவின் முதுகுக்குப் பின்னால் சாத்திய கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் பூவும் பிஞ்சுமாக டெஸ்ஸின் செடிகள். ஒன்று கொடுத்தால் ராய்ஸ் வேலிக்கு மேலேயே அதை அடையாளம் கண்டுபிடித்துவிடுவான்.

"எல்லாம் போச்சுடி, கண்ணு" என்றாள். கிளெனிஸ் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாவம் நீ, உனக்கும் இப்படி ஆச்சே" என்று முதுகைத் தடவினாள்.

நவம்பரில் நோலா டெஸ்ஸின் செடிகளைக் கொட்டகைக்குப் பின்னால், வெயில் காய்கிற சுவரோரம் இறக்கினாள். பூண்டுத் தண்டு ஒடித்தாள், நெருங்கி முளைத்த கேரட்டைக் கலைத்தாள், கருங்குருவி கொத்தாமல் செர்ரி மரத்துக்கு வலை கட்டினாள். வேலை கைபாட்டுக்கு நடந்தது. மனசு பழத்தின் நிறத்திலேயே இருந்தது. ராய்ஸ் மறுபடி விதை போட்டான், அது இனி பிப்ரவரியில்தான் பழுக்கும். ரெஜ்ஜுக்காகக் கிளெனிஸ் ஹார்ட்வேர் கடையில் ஏதோ நாற்று வாங்கி நட்டாள். பின்னால் பிப்ரவரியில் அதில் பழம் வந்தபோது ரெஜ் ஒரு கடி கடித்துவிட்டு, "நனஞ்ச காகிதம்" என்று தட்டை நகர்த்திவிட்டாராம்.

கிறிஸ்துமஸ் கூட்டம் சர்ச் கூடத்தில். "இந்த வருஷம் கோப்பை யாருக்கும் இல்ல போலிருக்கு, உறைபனி எல்லாரையும் தின்னுடுச்சு" என்று ராய்ஸ் பேசி முடிக்கிறபோது, நோலா எழுந்து போய் ஒரு முட்டை அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்தாள். உள்ளே சிவப்புத் தக்காளிகள்.

ராய்ஸ் எட்டிப் பார்த்தான். முகம் வெளிறியது, பிறகு சிவந்தது. "இது என்னோடது! பச்சைக் கோட்டப் பாருங்க, மூக்கப் பாருங்க! பெஸல் எர்லி! இவ திருடியிருக்கா!"

"திருடினேன்தான்" என்றாள் நோலா. "உன் தோட்டத்துல ஒரு தளிர் கிள்ளினேன். அப்ப, இது உன்னோட தக்காளியேதான்னு சொல்ற?"

"இதேதான்! எங்க வச்சாலும் சொல்லுவேன்!"

"நல்லாக் கேட்டுக்குங்க எல்லாரும். இதேதான்னு சொல்றான்." அவள் ஒரு பழத்தை எடுத்து நாலாக அறுத்தாள். கூடத்தில் டெஸ்ஸின் தக்காளியைத் தின்ற நாக்கு இன்னும் ஒன்று இருந்தது. "கிளெனிஸ், நீ தின்னுட்டுச் சொல்லு."

கிளெனிஸ் ஒன்றும் புரியாமல் வாங்கி வாயில் போட்டாள். மென்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. "டெஸ்" என்றாள். "இது டெஸ்ஸோட தக்காளி. எத்தன வருஷம் வேலிக்கு மேல நீட்டினான்! ராய்ஸ், நீயும் எங்ககூட நின்னு தின்னியே? உங்கப்பா விதைன்னு எப்படிச் சொல்ற?"

"அந்தப் பொஸ்ஸம் இப்ப பேசட்டும்" என்றாள் நோலா.

ராய்ஸ், "நான் எடுக்கலேன்னா அது அழிஞ்சே போயிருக்கும்" என்றான். எடுத்தேன் என்று ஊரே கேட்கச் சொன்னது அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. அவன் பொண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு கைப்பையை எடுத்தாள். பின்வரிசையில் யாரோ, "தூ" என்றார்கள். கழகத் தலைவர் அங்கேயே, கோப்பையில் டெஸ் டைரீன் பெயரைப் பொறிக்கவேண்டும் என்று சொன்னார். நோலாவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இதற்குத்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

கைதட்டல் ஓய்ந்தபோது கிளெனிஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி தின்ற துண்டு.

"நோலா, இது எப்ப நட்டது?"

நோலா மீதித் துண்டுகளை அட்டைக்குள் அடுக்கினாள்.

"டிசம்பர்ல பழுத்திருக்கு. அப்படீன்னா அக்டோபர்லயே பூத்திருக்கணும். எனக்கும் தோட்டம் தெரியும்டி. எங்க இருந்தது இது, உறைபனி விழுந்தப்ப?"

"துவைக்கிற ரூம்ல."

"நான் படியில வந்து நின்னப்ப?"

"ஆமா."

"மூட வேண்டாம்னு சொன்னயே, அது?"

"ராய்ஸ் பாத்துடுவான்னு..." என்று ஆரம்பித்தாள் நோலா. கிளெனிஸ் அந்தத் துண்டை அட்டையிலேயே திரும்ப வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, வெளியே நடந்தாள்.

மறுநாள் நோலா கிண்ணம் நிறையப் பழத்தைக் கிளெனிஸின் வாசலில் வைத்தாள். அது அப்படியே நோலா வீட்டு வாசல் கம்பத்தடிக்குத் திரும்பி வந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி வந்தது, இந்த முறை அழுகி. ஜூன் மாதக் குளிரில் ரெஜ் போய்விட்டார். நோலா சவ ஊர்வலத்தில் கடைசியாக நின்றாள். எவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

அடுத்த அக்டோபரில் தெரு அவள் வேலியைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு நாள் நட்டார்கள், ஆளுக்கொரு விதமாக மூடினார்கள். பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் காற்று நின்றது. நோலா பாத்திரம் கழுவிக்கொண்டே புகையைப் பார்த்தாள். படுத்து வழிந்துகொண்டிருந்தது. பார்வையை இறக்கினால், அவள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, கிளெனிஸ் மண்டியிட்டுத் தக்காளி நட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அவள் ஒருநாளும் நட்டதில்லை, பகலெல்லாம் நிழல் விழுகிற இடம்.

நோலா ஈரக் கையோடு ஓடினாள். "கிளெனிஸ்! நடாதடி! இன்னிக்கு ராத்திரி விழப்போகுது! சத்தியமாச் சொல்றேன், இந்தத் தடவ நெசம்!"

"தெரியும்" என்றாள் கிளெனிஸ், நிமிராமல்.

"தெரியுமா?"

"புகையப் பாக்க எனக்கும் கண்ணு இருக்கு." அவள் அடுத்த குழியைத் தோண்டி, நாற்றை இறக்கி, மண்ணை இரண்டு கையாலும் அமுக்கினாள்.

"பின்ன எதுக்குடி நடறே? எல்லாம் செத்துப்போகும்!"

"நீ பாக்கறதுக்கு."

நட்டு முடித்து, ஒவ்வொன்றுக்கும் குச்சி ஊன்றி, கயிறு கட்டி, தண்ணீர் ஊற்றினாள். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். விடிந்தபோது எல்லாம் கறுத்துத் தொங்கின. அவள் பிடுங்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, கோடை வந்தது, செத்த செடிகள் குச்சியோடு கட்டினபடியே நின்றன. நோலா முதல் ஒரு வாரம் ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தாள். அப்புறம் அதைத் தள்ளிவிட்டு, தினமும் அங்கே நின்றுதான் பாத்திரம் கழுவுகிறாள்.